இடைவேளைக்கு ஒரு பார்சல்

மேட்சுக்கு முன்னால் பையன்களை வரிசையாக நிற்கவைத்து வீரவசனம் பேசுகிற கோச்சுகளைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நெஞ்சைத் தட்டிக் காட்டுவார்கள். உயிரைக் கொடுத்து ஆடுங்கள் என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். எதற்கையா உயிரைக் கொடுக்க வேண்டும்? ஆடப்போவது காலேஜ் ஃபுட்பால். தோற்றால் மறுநாள் எழுந்து வகுப்புக்குப் போக வேண்டியதுதான். இந்த ஊரில் பிள்ளைகளிடம் உயிரைக் கேட்கிறவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள், நான் வேறு எதற்கு?

எங்கள் டீமில் பேச்சு கிடையாது. ஆர்டர்தான்.

மைதானத்துக்கு எதிரே ரோட்டைத் தாண்டினால் ஒரு டீக்கடை. கடைக்காரரும் தமிழர்தான். கீழக்கரைப் பக்கமிருந்து ஜவுளி விற்க வந்து யாங்கோனிலேயே தங்கிவிட்ட குடும்பம். நான் அவரை பாய் என்பேன், அதைக் கேட்டு பர்மியப் பையன்களும் பாய் என்றே கூப்பிடுவார்கள். மேட்ச் தொடங்குவதற்கு முன்னால் கோல் போஸ்டுக்குப் பின்னால் இருக்கிற தூங்குமூஞ்சி மரத்தடியில் எல்லாரும் வட்டமாக உட்காருவோம். ஜெயித்தால் தனக்கு என்ன வேண்டும் என்று ஒவ்வொருவனும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒருத்தன் மொஹிங்கா என்பான், மீன் குழம்பில் சேமியா மாதிரி நூடுல்ஸ் போட்டது. ஒருத்தன் தேங்காய்ப்பால் நூடுல்ஸ். ஒருத்தன் அவித்த பட்டாணியும் நான் ரொட்டியும். எல்லாவற்றையும் தலையில் ஏற்றிக்கொண்டு போய் பாயிடம் நான் ஒப்பிப்பேன். ஜெயித்தால் சொன்னது சொன்னபடி மேஜைக்கு வரும், செலவு என்னுடையது. தோற்றால் மேஜை மேல் சும்மா வைத்திருக்கிற பிளாஸ்க் இருக்கிறதே, அந்த வெறும் கசப்பு டீ, அது மட்டும்தான். எந்தக் கெஞ்சலும் செல்லாது.

சிரிப்பாக இருக்கும். ஆனால் பத்தொன்பது வயதுப் பையன் தனக்குப் பிடித்ததைப் பெயர் சொல்லிக் கேட்டுவிட்டான் என்றால் அப்போதே அதன் வாசனை அவனுக்கு வந்துவிடும். பிறகு நான் கத்த வேண்டியதில்லை, வயிறு ஓட்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். நான் மைதானத்தில் தமிழில்தான் கத்துவேன். எதிர் டீமுக்குப் புரியாது, அதுதான் லாபம். என் பையன்களில் முக்கால்வாசிப் பேர் பர்மியர்கள், ஆனாலும் 'ஏறு', 'விடு', 'பாத்து' எல்லாம் அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். ஏறு என்றால் மேலே ஓடு. விடு என்றால் பந்தைத் தொடாதே, பின்னால் நம் ஆள் வருகிறான். பாத்து என்றால் முதுகுக்குப் பின்னால் ஆபத்து. தமிழ் என்றால் அவர்களைப் பொறுத்தவரை அவ்வளவுதான். அந்தச் சொற்களை அவர்கள் உச்சரிக்கிற அழகுக்கு எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

நான் காலேஜின் சம்பளக் கோச் ஒன்றும் இல்லை. மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் டயர் கடை வைத்திருக்கிறேன். ஒரு காலத்தில் அதே காலேஜுக்கு நானும் ஆடினவன். முழங்கால் போன பிறகு கோச் ஆனேன், அவ்வளவுதான். அந்த சீசனில் என் மகனே டீம் கேப்டன். நடு டிஃபென்டர். வீட்டில் நான் அப்பா, மைதானத்தில் சயா. சயா என்றால் வாத்தியார். அது அவனே வைத்த கட்டுப்பாடு. கோச் மகன் என்று யாரும் வாய் திறக்கக் கூடாது என்பதற்காக, மைதானத்துக்குள் காலை வைத்துவிட்டால் தவறிக்கூட அப்பா என்று கூப்பிட மாட்டான். மற்ற பையன்களைவிட அவனைத்தான் நான் அதிகம் திட்டுவேன். அதற்கும் ஒன்றும் சொல்ல மாட்டான்.

மழை தொடங்கின காலத்தில் அந்த டீம் நல்ல டீமாகத்தான் இருந்தது. ரிசர்வில் உட்கார வைத்ததற்குக் கோபித்துக்கொள்கிற அளவுக்கு ஆள் இருந்தார்கள். வயதுப் பையன்களைப் படைக்கு எடுக்கிற பேச்சு தெருவுக்குத் தெரு வந்த பிறகு ஆள் கரைய ஆரம்பித்தது. யாரும் சொல்லிக்கொண்டு போகவில்லை. ஒரு நாள் பிராக்டிஸுக்கு ஒருத்தன் வர மாட்டான். போன் போட்டால் அடிக்காது. கொஞ்ச நாள் கழித்து, அவன் எல்லைக்கு அந்தப் பக்கம் தாய்லாந்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டானாம், மீன் கம்பெனியில் வேலையாம் என்று காதில் விழும். முதலில் நான் ஒவ்வொரு வீடாகப் போய் விசாரித்தேன். அப்புறம் ஒரு தாய் கதவைப் பாதி திறந்து, என்னை நிமிர்ந்தே பார்க்காமல், அவன் ஊருக்குப் போயிருக்கிறான் என்று சொல்லிச் சாத்தினாள். அன்றோடு விசாரிப்பதை விட்டேன். கேட்காமல் இருப்பதுதான் இப்போது இங்கே மரியாதை.

குளிர்காலம் முடிகிற நேரத்தில் எங்களிடம் மிஞ்சினது ஏழே பேர். ஃபுட்பால் சட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ஏழு பேர் இருந்தால் ஆடலாம். அதற்குக் கீழே போனால் ரெஃபரி ஆட்டத்தை நிறுத்துவார், எதிர் டீம் ஜெயித்ததாகக் கணக்கு. ஏழு பேரை வைத்துக்கொண்டு பதினொரு பேரோடு ஆடினால் என்ன ஆகும்? வாங்கின அடிக்கு அளவில்லை. மேட்சுக்கு மேட்ச் மரத்தடியில் உட்கார்ந்து மொஹிங்கா, நூடுல்ஸ் என்று ஆர்டர் சொன்னதுதான் மிச்சம். மேட்ச் முடிந்ததும் அந்தக் கசப்பு டீயைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு போனார்கள். ஆனாலும் அடுத்த வாரம் வந்தார்கள். டாலாவிலிருந்து ஒரு விங்கர் வருவான், ஆற்றைத் தாண்டிப் படகில் வர வேண்டும். எப்போதும் லேட். அவனும் வந்தான். எனக்கே வெட்கமாக இருந்தது, இவர்களைத் திட்ட நான் யார் என்று.

என் மகனுக்கு அது கடைசி வருடப் படிப்பு. படிக்கிற வரைக்கும் தொட மாட்டார்கள் என்று சொன்னார்கள். பரீட்சை முடிவதற்கு முன்பே வார்டு ஆபீஸிலிருந்து வந்து பையனுக்கு என்ன வயது, எப்போது படிப்பு முடிகிறது என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள், என் மனைவி டீகூடப் போட்டுக் கொடுத்தாள். அவர்கள் படி இறங்கினதும் அந்த டம்ளரைக் கழுவாமல் குப்பையில் போட்டாள்.

அதற்கப்புறம் வீட்டில் வேறு பேச்சே இல்லை. அனுப்பு என்பாள் அவள். எங்கே அனுப்ப, ரோடு முழுக்க செக்கிங் என்பேன் நான். பேச்சு முற்றி ஒருவருக்கொருவர் முகம் கொடுக்காமல் இரண்டு நாள் இருப்போம். கடைசியில் ஜெயித்தது அவள்தான். எல்லை தாண்ட வைக்கிற ஏஜென்ட் ஒருத்தரைப் பிடித்தோம். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். இந்தத் தொழிலில் நல்ல மனிதர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. வேன் கிளம்புகிற நாளை அவர்தான் சொன்னார். அது எங்கள் கடைசி மேட்ச் நாள்.

மேட்ச் என்று நாங்கள் தயங்கினதும் அந்த ஆள் சந்தோஷப்பட்டார். அது இன்னும் நல்லது, பையன் ஜெர்சியோடு மைதானத்தில் இருக்கட்டும், இடைவேளை நேரத்தில் வேன் ரோட்டில் வந்து நிற்கும், ஏறிக்கொள்ளட்டும், விளையாடப் போகிற பையன் மாதிரியே இருக்கும் என்றார். பெட்டி படுக்கை கூடாது. போன் கூடாது. வழியனுப்ப ஆள் கூட்டம் கூடாது, முக்கியமாகத் தாய் வரக் கூடாது. யாரிடமும் ஒரு வார்த்தை கூடாது. வேனில் இருக்கிற மற்ற பிள்ளைகளின் தலையும் உங்கள் வாயில்தான் இருக்கிறது என்றார்.

மேட்சை விட்டுவிடு, வீட்டிலிருந்தே ஏறிக்கொள் என்று நான் மகனிடம் சொல்லிப் பார்த்தேன்.

"நான் இல்லன்னா ஆறு பேருப்பா. ஆட்டமே தொடங்காது. பாதியாச்சும் ஆடிட்டுப் போறேன்," என்றான். தமிழ் பேசினால் பாதிக்குப் பாதி பர்மியம் கலக்கிறவன், அன்றைக்கு இதை முழுக்கத் தமிழிலேயே சொன்னான்.

அன்று காலை என் மனைவி எல்லா மேட்ச் நாளும் செய்வதைத்தான் செய்தாள். டீம் ஜெர்சிகளை எப்போதும் அவள்தான் துவைப்பாள். மடித்து வைத்த ஜெர்சிகளைப் பையில் போட்டு என் தோளில் மாட்டினாள். மகன் நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள். அழவில்லை. நான்தான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அவன் காலையில் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை, தட்டைத் தள்ளிவிட்டான். அவள் என்னைத் தனியாக அழைத்து ஒன்றே ஒன்று சொன்னாள்.

"ராத்திரி வரைக்கும் வண்டிய எங்கயும் நிறுத்த மாட்டாங்களாம். எதையாச்சும் சாப்பிட வச்சு அனுப்புங்க."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

மைதானத்தில் மரத்தடியில் ஏழு பேர் உட்கார்ந்தார்கள். டாலாக்காரன்கூட அன்று நேரத்துக்கு வந்திருந்தான். கடைசி மேட்ச் என்பதால் படகுக்காரனை முந்தின நாளே மிரட்டி வைத்தேன் என்று பெருமையடித்துக்கொண்டான். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. பையன்களின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. பாதியில் நின்றுபோகப் போகிற ஆட்டத்துக்கு இவர்களை உசுப்பேற்ற வேண்டும், அதைச் சொல்லவும் கூடாது. அன்றைக்காவது எனக்கு வீரவசனம் பேசத் தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எதையாவது உளறிச் சமாளித்திருப்பேன்.

வழக்கம்போல ஆர்டர் சொல்லுங்கடா என்றேன்.

ஒவ்வொருத்தனாகச் சொன்னான். மொஹிங்கா. நூடுல்ஸ். டாலாக்காரன் இரண்டு ஐட்டம் சொன்னான், ஜெயிக்காமலே போன மேட்சுகளின் பாக்கி என்று. எல்லாரும் சிரித்தார்கள். என் மகன் முறை வந்தது. அவனுக்கு எப்போதும் முட்டை பலாட்டாதான். பரோட்டாவுக்கு எங்கள் ஊரில் அதுதான் பேர்.

"முட்டை பலாட்டா," என்றான். கொஞ்சம் நிறுத்திவிட்டு, "பார்சல்," என்றான்.

அவ்வளவுதான். யோசிக்காமல் வந்த வார்த்தை. பசியோடு வழிக்குப் போகிறவன் வாயில் அது தன்னால் வந்துவிட்டது. ஆனால் அந்த மரத்தடியில் இத்தனை வருடத்தில் ஒருத்தன்கூடப் பார்சல் சொன்னதில்லை. ஜெயித்தால் எல்லாரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, ஒருத்தன் தட்டில் இன்னொருத்தன் கைவைத்துத் தின்பதுதான் வழக்கம். பார்சல் கேட்கிறவன் மேஜைக்கு வரப்போவதில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனை ஒரு அறை விட்டிருப்பேன். வேனில் இருக்கிற பிள்ளைகளின் தலை என்று ஏஜென்ட் சொன்னது காதில் அடித்தது. இவன் மண்ணைப் பார்த்துக்கொண்டு புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். சொல்லாமல் போன இத்தனை பேரைப் பார்த்த பையன்கள் அவர்கள். அவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அடுத்த முறை கோல்கீப்பருடையது. பர்மியப் பையன், குண்டன், எப்போதும் யாரையாவது கிண்டல் செய்துகொண்டே இருப்பான். அன்று அவன் தன் ஆர்டரைச் சொல்லவில்லை. என் மகனையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துப் பர்மியத்தில் கேட்டான்.

"சயா, பார்சல் எப்போ வேணும்?"

"இடைவேளைக்கு," என்றேன்.

அவன் தலையாட்டினான். கையுறையைப் பல்லால் இழுத்து மாட்டிக்கொண்டே மற்றவர்களிடம் சொன்னான். "அப்படின்னா அதுக்குள்ள கோல் போட்டுடணும்."

அந்த சீசனில் மரத்தடியில் கேட்டதிலேயே நல்ல பேச்சு அதுதான். அது நான் பேசினது இல்லை.

பாயிடம் போய் ஆர்டரை ஒப்பித்தேன். பார்சல் என்றதும் அவர் கரண்டியை வைத்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார். அவருடைய தம்பி மகனும் இப்படிப் போய் ஒரு மழைக்காலம் ஆகியிருந்தது. "அத நானே கொண்டாரேன் அண்ணே, சூடா," என்றார்.

அதற்கப்புறம் என் பையன்கள் ஆடினார்களே, அதை எப்படிச் சொல்ல. பதினொரு பேர் கொண்ட டீம், நல்ல டீம், எங்களை ஊதித் தள்ளிவிடலாம் என்று வந்தவர்கள். இந்த ஏழு பேரும் அவர்கள் காலைச் சுற்றிக்கொண்டு விடவே இல்லை. என் மகன் டிஃபென்ஸில் நின்று கத்தின கத்து ரயில்வே லைன் வரைக்கும் கேட்டிருக்கும். எல்லாம் தமிழ். விடு, விடு, ஏறு. நான் கத்துவதற்கு வேலையே இல்லை. பாதி ஆட்டம் ஓடியிருக்காது, எதிராளி காலிலிருந்து பந்தைப் பறித்து நீளமாக ஒரு பாஸ் கொடுத்தான். டாலாக்காரன் தலைதெறிக்க ஓடினான். படகு தவறவிடக் கூடாது என்று ஓடுகிற ஓட்டம் அது, அவனுக்குப் பழக்கம்தான். பந்து வலைக்குள் போனது.

அவர்கள் யாரும் குதிக்கவில்லை. என் மகனிடம் வந்து ஒவ்வொருத்தனாகத் தலையில் தட்டிவிட்டுத் தங்கள் இடத்துக்குப் போனார்கள். எதிர் டீமுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் கோட்டுக்கு வெளியே நின்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

இடைவேளைக்கு இன்னும் நேரம் இருந்தது. என் பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. டிரைவர். வந்துவிட்டேன், இங்கே நிற்க முடியாது, உடனே அனுப்புங்கள் என்றான். இடைவேளை என்றுதானே பேச்சு என்றேன். அதற்குள் வைத்துவிட்டான். ரோட்டில் சாம்பல் நிற வேன் இன்ஜின் அணைக்காமல் நின்றது. டீக்கடைப் பக்கம் பார்த்தேன். பாய் கல்லின் முன்னால் நின்றுகொண்டு மாவை வீசிக்கொண்டிருந்தார்.

ஒரு நிமிடம், ஒரே நிமிடம், கூப்பிடாமல் இருந்துவிடலாமா என்று தோன்றியது. வேன் போய்விடும், பையன் இருப்பான், பலாட்டா வரும், சாப்பிடுவான். அவன் அதற்குள் என் முகத்தைப் பார்த்துவிட்டான். பந்து வெளியே போகிற வரைக்கும் காத்திருந்தான். பிறகு, களைத்துப்போன பிளேயர் மாற்று ஆள் கேட்பானே, அந்த மாதிரி கையைத் தூக்கினான். மாற்று ஆள் ஏது எங்களிடம்?

கோட்டருகே வந்து உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான். பையிலிருந்து அவன் செருப்பை எடுத்துக் கொடுத்தேன். பார்சல் இன்னும் வரவில்லை தம்பி என்றேன். அந்த நேரத்தில் அதைத்தான் சொல்ல வந்தது எனக்கு. பெற்ற பிள்ளை போகிறான், பரோட்டாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

"பரவால்ல சயா," என்றான்.

படுபாவி, அன்றைக்காவது அப்பா என்று சொல்லியிருக்கலாம். கட்டிப்பிடிக்கக் கூடாது, ரோட்டில் ஆள் இருக்கிறது. தோளில் தட்டினேன், மற்ற பிளேயர்களைத் தட்டுகிற மாதிரி. ஜெர்சி நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அவன் வேகமாகவும் போகவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. வேலியைத் தாண்டும்போதுதான் மைதானத்துக்குள்ளேயிருந்து அந்தச் சத்தம் வந்தது. முதலில் கோல்கீப்பர். பிறகு டாலாக்காரன். பிறகு ஆறு பேரும்.

"பாத்து! பாத்து!"

மொழி தெரியாத பையன்கள், தங்களுக்குத் தெரிந்த மூன்று தமிழ் வார்த்தையில் ஒன்றை எடுத்து அவன் முதுகுக்குப் பின்னால் கத்தினார்கள். ரோட்டில் போனவர்களுக்கு அது என்னவென்று தெரியாது. எதிர் டீமுக்கும் தெரியாது. எனக்கும் அவனுக்கும் தெரியும். வேன் கதவு மூடியது.

வேன் முனை திரும்பின பிறகுதான் பாய் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோட்டின் குறுக்கே ஓடிவந்தார். கையில் பிளாஸ்டிக் பை ஆடியது. எங்கே அண்ணே புள்ள என்றார். நான் ரோட்டைக் காட்டினேன். அவர் பையை என் கையில் வைத்துவிட்டு வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். பார்சல் கை சுடுகிற மாதிரி சூடாக இருந்தது.

மைதானத்தில் ரெஃபரி ஆட்களை எண்ணினார். வயசாளி. எண்ணி முடித்தவர் விசிலை வாயில் வைக்காமல் குனிந்து ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தார். நன்றாகக் கட்டியிருந்த லேஸ்தான். அவிழ்த்துக் கட்டினார். இன்னொரு காலுக்கும் அப்படியே செய்தார். வேன் கொஞ்ச தூரம் போகட்டும் என்பதுபோலக் குனிந்தே இருந்தார். அப்புறம்தான் விசில் ஊதினார். எதிர் டீம் கேப்டன் வந்து என் பையன்களுக்குக் கை கொடுத்தான். ஜெயித்தவன் அவன், முகத்தில் ஜெயித்த களையே இல்லை. கணக்கில் எங்களுக்குத் தோல்வி. போட்ட கோலும் செல்லாது.

தோற்றால் வெறும் டீ. வழக்கம் அது. பையன்கள் தாங்களாகவே போய் மேஜையில் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து ஊற்றிக்கொண்டார்கள். பாய் ஒருத்தரையும் கேட்கவில்லை. சொன்ன ஐட்டம் எல்லாவற்றையும் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். யாரும் கைவைக்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். எனக்கு மூக்கு மேல் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. சாப்பிட்டுத் தொலையுங்களடா, ஆறிப்போகிறது என்று கத்தினேன். சாப்பிட்டார்கள். கோல்கீப்பர் அழுதுகொண்டே சாப்பிட்டான். அழுகையையும் நிறுத்தவில்லை, சாப்பாட்டையும் நிறுத்தவில்லை.

வீட்டு வாசலில் என் மனைவி நின்றிருந்தாள். எப்போதும் போல என் தோளிலிருந்து ஜெர்சிப் பையை வாங்கிக்கொண்டாள். ஏறிட்டானா என்றாள். ஏறிட்டான் என்றேன். சாப்பிட்டானா என்று கேட்டாள். நான் செருப்பைக் கழற்றுகிற மாதிரி குனிந்துகொண்டு, பாய்கிட்ட பலாட்டா சொல்லியிருந்தேன் என்றேன். அவள் பையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனாள்.

பார்சலை வழியில் யாருக்காவது கொடுத்திருக்கலாம். தோன்றவில்லை. தூக்கி எறியவும் மனம் வரவில்லை. ஜெர்சிகளுக்கு நடுவில் திணித்து வைத்திருந்தேன், அவள்தான் அந்தப் பையைப் பிரிப்பாள் என்பதுகூட எனக்கு மறந்துபோயிருந்தது.

பின்பக்கம் வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு நின்றது. ரொம்ப நேரம் சத்தமே இல்லை. நான் போய்ப் பார்த்தபோது துவைக்கிற கல்மேல் உட்கார்ந்திருந்தாள். ஆறு ஜெர்சியும் அவன் பூட்ஸும் ஒரு பக்கம் கிடந்தன. மடியில் பார்சல் பிரித்திருந்தது. எண்ணெய் ஊறி, விறைத்துப்போன பலாட்டா. அவள் அதைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு முட்டை ஆகாது, வாடையே பிடிக்காது. மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் தின்றாள்.

"எம்புள்ள பசியோட போயிருக்கான்," என்றாள். என்னைக் குறை சொல்லவில்லை. சும்மா சொன்னாள்.

எனக்கும் ஒரு துண்டு கொடு என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. அவள் பக்கத்தில் ஈரத் தரையில் உட்கார்ந்தேன். காகிதத்தில் ஒரு துணுக்குகூட மிச்சம் வைக்காமல் முழுவதையும் அவளே சாப்பிட்டாள்.

அப்புறம் வந்த நாட்களை நான் எழுதப்போவதில்லை. போன் அடிக்கிறபோதெல்லாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்திருப்போம் என்பது மட்டும் போதும். ஒரு மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து வந்தது. டயர் கடையில் இருந்தேன். சத்தத்தில் முதலில் குரல் பிடிபடவில்லை.

"சயா," என்றான். "அன்னிக்கு அவங்க சாப்பிட்டாங்களா?"

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது, ஜெயித்தார்களா என்று கேட்கிறான். ஆறு பேரை வைத்து ஆட்டம் ஓடாது என்று கேப்டனுக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் கேட்கிறான். ரெஃபரி ஒருவேளை விட்டிருப்பார், ஒருவேளை ஆடியிருப்பார்கள் என்று அவ்வளவு தூரத்தில் போய் உட்கார்ந்துகொண்டு நம்பியிருக்கிறான்.

"சாப்பிட்டாங்க," என்றேன். "சொன்னது எல்லாம் வந்துச்சு. டாலாக்காரன் ரெண்டு தட்டு."

அந்தப் பக்கம் அவன் சிரித்தான். யாரிடமோ பர்மியத்தில், எங்க டீம் ஜெயிச்சிடுச்சு என்று சொன்னது எனக்குக் கேட்டது. நான் திருத்தவில்லை. சிரித்து முடித்ததும் கேட்டான்.

"என் பார்சல என்ன பண்ணீங்க?"

"உங்கம்மா சாப்பிட்டா."

அம்மாவுக்கு முட்டை ஆகாது என்று அவனுக்குத் தெரியும். எங்கள் கடைக்கு வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அவன் மூச்சு இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"அப்பா," என்றான். அதற்குள் லைன் போய்விட்டது.

இந்த வருடம் காலேஜில் டீம் இல்லை. ஏழு பேர் சேரவில்லை. மழை முடிந்ததும் நான் ஒரு நாள் மைதானத்துக்குப் போய் மரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு பாய் கடைக்குப் போனேன். என்ன வேணும் அண்ணே என்று அவர் கேட்டார். ஒன்றும் வேண்டாம் பாய், டீ போதும் என்று பிளாஸ்கை இழுத்து ஊற்றிக்கொண்டேன்.